பல த்ரெட்களில் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ: ஜேவிஎம்-ஐ உண்மையாகவே சோதிப்பது எப்படி?

கேள்வி சுருக்கமாக இது: முடிவில்லாத ரிகர்ஷன் (மெத்தட் தன்னையே கூப்பிடுவது) ஒன்றை எழுதி, ஸ்டாக் நிரம்பி வழியும்போது வரும் ஸ்டாக்ஓவர்ஃப்ளோஎரரைப் பிடித்து, 'பாஸ்' என்று காட்டும் டெஸ்ட் கையில் இருக்கிறது. அது தோற்றதே இல்லை. ஆனால் புரொடக்‌ஷனில் பல த்ரெட்கள் சேர்ந்து ஓவர்ஃப்ளோ ஆகும்போது சில நேரம் புராசஸ் செத்துவிடுகிறது, சில நேரம் அசையாமல் நிற்கிறது. வி.எம். (ஜாவா புரோகிராமை ஓட்டும் ஜேவிஎம்) இதைச் சரியாகக் கையாள்கிறதா என்று எப்படிச் சோதிப்பது? லினக்ஸ், எக்ஸ்86 64-பிட், ஹாட்ஸ்பாட் (ஓப்பன்ஜேடிகே என்ற ஜாவா தொகுப்பில் வரும் ஜேவிஎம்) என்று வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

ஒரு த்ரெட்டில் ஒரு முறை ஓவர்ஃப்ளோ ஆக்கிப் பார்ப்பது எதையும் நிரூபிக்காது. அந்தப் பாதை ஆயிரம் முறை தேய்ந்த பாதை. சோதிக்க வேண்டியது அதற்குப் பிறகு நடப்பதை: அதே த்ரெட் இரண்டாவது முறை ஓவர்ஃப்ளோ ஆகும்போது வி.எம். தயாராக இருக்கிறதா, முதல் முறை அறுந்த இடத்தில் எதையாவது பாதியில் விட்டுவிட்டதா, பக்கத்து த்ரெட்டுக்கு ஏதாவது சேதமா என்பதை. ஏன் என்று புரிய உள்ளே நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஸ்டாக் என்பது மெத்தட் அழைப்புகளின் விவரங்கள், அதாவது ஃப்ரேம்கள், மேலிருந்து கீழ்நோக்கி அடுக்கப்படும் மெமரி. ஒவ்வொரு ஜாவா த்ரெட்டின் ஸ்டாக்கும் கீழ் முனையில் மூன்று மண்டலங்களை வைத்திருக்கும்: ரெட் 1 பேஜ், யெல்லோ 2 பேஜ், ரிசர்வ்ட் 1 பேஜ். பேஜ் என்பது மெமரியைப் பிரிக்கும் அடிப்படைத் துண்டு; 4 கேபி பேஜில் மொத்தம் 16 கேபி. இவற்றில் எழுதவோ படிக்கவோ முடியாதபடி எம்ப்ரொடெக்ட் (மெமரி அனுமதியை மாற்றும் சிஸ்டம் கால்) போட்டிருக்கும். இவற்றுக்கு மேலே ஷேடோ என்ற இடைவெளி, 20 பேஜ், அதாவது 80 கேபி. கம்பைல் ஆன மெத்தட் நுழையும்போதே, தன் ஸ்டாக் பாயின்டருக்கு 81,920 பைட் கீழே ஒரு முறை சும்மா எழுதிப் பார்க்கும். அசெம்பிளியைப் பிரிண்ட் செய்து பார்த்தால் மெத்தட்டின் முதல் வரிகளிலேயே ஹெக்ஸில் 14000 என்ற ஆஃப்செட்டோடு இந்த எழுத்து தெரியும். இதைத்தான் ஸ்டாக் பேங்கிங் என்கிறார்கள். அந்த எழுத்து யெல்லோவில் (அல்லது அதற்கு மேலே இருக்கும் ரிசர்வ்டில்) விழுந்தால், தொடக்கூடாத மெமரியைத் தொட்டதாகச் சொல்லும் சிக்செக்வி சிக்னல் வரும். வி.எம்.மின் சிக்னல் ஹேண்ட்லர் யெல்லோவை ரிசர்வ்டோடு சேர்த்துத் திறந்துவிட்டு, த்ரெட்டை எக்செப்ஷன் எறியும் சிறு கோடு துண்டான ஸ்டப்புக்குத் திருப்பிவிடும். ஸ்டாக் போதுமான அளவு பிரிந்து மேலே வந்த பிறகு யெல்லோவை மறுபடி மூடும்.

அந்த மறுபடி மூடுதல்தான் உயிர்நாடி. அது தவறினால், அடுத்த ஓவர்ஃப்ளோ யெல்லோவைத் தாண்டி நேராக ரெட்டில் போய் விழும். ரெட்டில் விழுந்தால் எக்செப்ஷன் கிடையாது. மீட்க முடியாத ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்று ஒரு வரி அச்சிட்டுவிட்டு வி.எம். எச்எஸ்-எர் லாக் (கிராஷ் அறிக்கை ஃபைல்) எழுதிச் சாகும். ஒரே ஒரு முறை ஓவர்ஃப்ளோ ஆக்கும் டெஸ்ட் இந்தப் பிழையை எந்தக் காலத்திலும் கண்டுபிடிக்காது.

ஆகவே டெஸ்ட்டின் எலும்புக்கூடு இப்படி இருக்கட்டும். கோர் எண்ணிக்கையைப் போல இரண்டு மடங்கு த்ரெட்கள். ஒவ்வொன்றையும் நான்கு ஆர்கியுமென்ட் எடுக்கும் த்ரெட் கன்ஸ்ட்ரக்டரால் உருவாக்கி, ஸ்டாக் அளவை 256 கேபி முதல் 4 எம்பி வரை மாற்றி மாற்றிக் கொடுங்கள். அந்த அளவை வி.எம். மதிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை என்றே ஏபிஐ சொல்கிறது. லினக்ஸில் ஹாட்ஸ்பாட் மதிக்கும். மிகச் சிறியதாகக் கொடுத்தால் சொல்லாமல் கொள்ளாமல் தன் குறைந்தபட்ச அளவுக்கு உயர்த்திக்கொள்ளும். (எக்ஸ்எஸ்எஸ் ஃபிளாக்கில் குறைத்துக் கொடுத்தால் மட்டும் வி.எம். கிளம்பவே மறுத்து, குறைந்தது இவ்வளவு வேண்டும் என்று அச்சிடும்.) 256 கேபி ஸ்டாக்கில் 96 கேபி மண்டலங்களுக்கும் ஷேடோவுக்கும் போய்விடும், உங்கள் கோடுக்கு மிஞ்சுவது சுமார் 160 கேபிதான் என்பதை நினைவில் வையுங்கள்.

எல்லா த்ரெட்டும் ஒரு பேரியரில் காத்திருந்து ஒன்றாகக் கிளம்பட்டும். ஒவ்வொன்றும் லூப்பில் 10,000 முறை: ரிகர்ஷனுக்குள் போ, எரரைப் பிடி, எண்ணிக்கையை ஏற்று. கேட்ச் பிளாக் அந்த லூப் இருக்கும் மெத்தட்டில், அதாவது ஸ்டாக்கின் மேல் மட்டத்தில் இருக்க வேண்டும். ரிகர்ஷனுக்குள்ளேயே கேட்ச் வைத்து அதில் எதையாவது பிரிண்ட் செய்தால், அந்தப் பிரிண்ட்டே மறுபடி ஓவர்ஃப்ளோ ஆகும். அதையும் சோதிக்க வேண்டும்தான், ஆனால் தனி வகையாக. ஆழத்தை எண்ண ஸ்டாக் ட்ரேஸின் நீளத்தை நம்பாதீர்கள். அது இயல்பாகவே 1,024 ஃப்ரேமோடு வெட்டப்படும். த்ரெட்டுக்கு ஒன்றாக ஒரு ஆப்ஜெக்ட் வைத்து அதன் ஃபீல்டில் எண்ணுங்கள். எல்லா த்ரெட்டுக்கும் பொதுவான கவுன்டர் வைத்தால் அதைப் பிடிக்கும் போட்டியிலேயே நேரம் போய்விடும்.

ஒரு பழைய பொறி இங்கே உண்டு. ஓப்பன்ஜேடிகேயின் என்எஸ்கே ஸ்ட்ரெஸ் டெஸ்ட்களில் ஸ்டாக் என்ற தொகுப்பில் ஒரு பாணி இருக்கிறது: முதலில் எவ்வளவு ஆழத்தில் ஓவர்ஃப்ளோ ஆகிறது என்று அளந்து, பிறகு அதைப் போல இரண்டு மடங்கு ஆழத்துக்குத் திரும்பத் திரும்பப் போவது. யோசனை நல்லதுதான். ஆனால் முதல் அளவு இன்டர்பிரட்டரில் (கம்பைல் செய்யாமலே கோடை ஓட்டும் பகுதியில்) எடுக்கப்படுகிறது. சி2 (ஹாட்ஸ்பாட்டின் முழு வேக கம்பைலர்) கம்பைல் செய்த பிறகு அதே மெத்தட்டின் ஃப்ரேம் வெகுவாகச் சுருங்கும், அதோடு ஒரு மட்ட இன்லைனிங்கும் (கூப்பிடப்படும் மெத்தட்டைக் கூப்பிடும் கோடுக்குள்ளேயே வைப்பது) சேரும். இரண்டு மடங்கு ஆழமும் ஸ்டாக்கில் நிம்மதியாக அடங்கிவிடலாம். அப்போது மீதி சுற்றுகளில் ஓவர்ஃப்ளோவே நடக்காது. டெஸ்ட் மட்டும் பச்சை காட்டிக்கொண்டிருக்கும். எனவே வரம்பில்லாமல் இறங்குங்கள், இல்லையென்றால் எரர் வராமல் திரும்பிய சுற்றுகளையும் எண்ணித் தோல்வியில் சேர்த்துவிடுங்கள். ரிகர்ஷன் முடிந்து திரும்பிய மதிப்போடு 1 கூட்டித் திருப்புங்கள். ஹாட்ஸ்பாட் டெயில் கால்களை (மெத்தட்டின் கடைசிச் செயலாக வரும் அழைப்புகளை) லூப்பாக மடக்குவதில்லை என்றாலும், வேறு வி.எம்.மில் ஓட்டும்போது அது பாதுகாப்பு.

இப்போது வகைகள். இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்.

முதலில் மோதும் இடம். ஒரே மெத்தட்டை ஒரே அளவு ஸ்டாக்கில் ஓடவிட்டால், ஒவ்வொரு முறையும் பேஜுக்குள் ஒரே ஆஃப்செட்டில்தான் மோதும். எக்ஸ்86-இல் ஸ்டாக் 16 பைட் எல்லையில் நிற்கும்; 4,096-ஐ 16-ஆல் வகுத்தால் 256 நிலைகள். பிழை அவற்றில் ஒன்றிரண்டில்தான் ஒளிந்திருக்கும். லோக்கல் வேரியபிள் எண்ணிக்கை வேறுபடும் இரண்டு மெத்தட்களை எழுதுங்கள். முதல் மெத்தட்டில் சில மட்டம் இறங்கி, பிறகு இரண்டாவதுக்குத் தாவுங்கள். முதல் மெத்தட்டின் மட்ட எண்ணிக்கையை ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று கூட்டினால் மோதும் இடம் தானாகவே நகரும். எட்டு வரி கோடு. பத்து வகை ஃபிளாக்குகளை மாற்றிப் பார்ப்பதைவிட இது அதிகம் கொடுக்கும்.

அடுத்து ஓடும் முறை. எக்ஸ்இன்ட் (இன்டர்பிரட்டர் மட்டும்), எக்ஸ்காம்ப் (எல்லாம் கம்பைல்), டியர்டு கம்பைலேஷனை 1-இல் நிறுத்தி சி1 (விரைவாகக் கம்பைல் செய்யும் எளிய கம்பைலர்) மட்டும், பிறகு எதுவும் மாற்றாமல் ஒன்று. கடைசியது முக்கியம், ஏனென்றால் அதில்தான் ஒரே ஸ்டாக்கில் மூன்று வகை ஃப்ரேமும் (இன்டர்பிரட்டர், சி1, சி2) கலந்து கிடக்கும். டிஆப்டிமைசேஷனையும் (கம்பைல் ஆன கோடைக் கைவிட்டு இன்டர்பிரட்டருக்குத் திரும்புவதையும்) சேர்த்துக்கொள்ளுங்கள். கம்பைல் ஆன ஒரு சின்ன ஃப்ரேம் பல இன்டர்பிரட்டர் ஃப்ரேம்களாக விரியும். ஸ்டாக்கின் விளிம்பில் அது நடந்தால் இடம் போதாது. இதற்காகவே சி2 நுழைவில், விரிந்தால் எவ்வளவு ஆகும் என்பதையும் கணக்கில் கொண்டு பேங்க் செய்கிறது. விளிம்பில் டிஆப்டிமைஸ் ஆக வைக்க, அடியில் ஒரு இன்டர்ஃபேஸ் மெத்தட்டைக் கூப்பிடுங்கள். டெஸ்ட் சூடான பிறகு புதிய இம்ப்ளிமென்டேஷன் ஒன்றை லோட் செய்யுங்கள். டிபக் பில்ட் கையில் இருந்தால் டிஆப்டிமைஸ்-அலாட் ஃபிளாக் இதைத் தானே செய்யும். அதன் அசெர்ட்களும் ரிலீஸ் பில்ட் விழுங்கிவிடும் பல தவறுகளைக் காட்டிக்கொடுக்கும்.

பிறகு, அடியில் என்ன செய்கிறீர்கள் என்பது. வெறும் கால் மட்டுமல்ல, அலொகேஷன், சின்க்ரனைஸ்டு மெத்தட் (பூட்டு எடுத்த த்ரெட் மட்டும் நுழையும் மெத்தட்), ரிஃப்ளெக்‌ஷன், நேட்டிவ் மெத்தட் (சி-யில் எழுதியது), பார்க் (த்ரெட்டைத் தூங்க வைப்பது) என்று ஒவ்வொன்றும் வி.எம்.மின் வேறு வாசலில் முட்டும். சின்க்ரனைஸ்டு வகையில், எரரைப் பிடித்த பிறகு அந்த மெத்தட்டின் மானிட்டர் (பூட்டு) இன்னும் இந்த த்ரெட்டிடம் இருக்கிறதா என்று ஹோல்ட்ஸ்லாக் மெத்தட்டால் கேளுங்கள். 'ஆம்' என்று வந்தால் அது வி.எம். பிழை.

ரிஃப்ளெக்‌ஷனில் ஒரு எச்சரிக்கை. மெத்தட்டைப் பெயரால் தேடிக் கூப்பிடும் இந்த வழியில், ஒவ்வொரு மட்டமும் எரரை இன்வொகேஷன்டார்கெட்எக்செப்ஷனில் சுற்றும். அதை அப்படியே மேலே விட்டால் அடுத்த மட்டம் அதையும் சுற்றும். சில ஆயிரம் உறைகள், ஒவ்வொன்றிலும் ஆயிரம் ஃப்ரேம் வரை ட்ரேஸ். ஹீப் நிரம்பி அவுட்ஆஃப்மெமரிஎரர் வரலாம். அதைத் தப்பித்தாலும், அந்தச் சங்கிலியைப் பிரிண்ட் செய்யும் கோடே ரிகர்சிவ் என்பதால் மறுபடி ஓவர்ஃப்ளோ ஆகும். உள்ளே இருக்கும் காரணத்தை லூப் போட்டு உரித்துப் பாருங்கள், பிரிண்ட் செய்யாதீர்கள்.

ஃபைனலி பிளாக்கில் ரிகர்ஷனை வைக்கவே வைக்காதீர்கள். ட்ரையிலும் ஃபைனலியிலும் அதே மெத்தட்டைக் கூப்பிட்டால், விளிம்பில் ஒவ்வொரு மட்டமும் இரண்டு கிளையாகும். பத்தாயிரம் மட்டத்துக்கு இரண்டின் பத்தாயிரமாவது அடுக்கு. டெஸ்ட் தொங்கிவிட்டது என்று வி.எம்.மைத் திட்டுவீர்கள், அது பாவம், வேலை செய்துகொண்டுதான் இருக்கும்.

இனி, உறைந்து நிற்கும் பிரச்சினை. அதற்கு இரண்டு பெரிய காரணங்கள் உண்டு.

ஒன்று லாக் (பதிவு ஃபைல் அல்ல, பூட்டு). ரீஎன்ட்ரன்ட்லாக்கின் லாக் மெத்தட் முதலில் ஸ்டேட்டை 0-இலிருந்து 1 ஆக்குகிறது, பிறகு ஓனராக இந்த த்ரெட்டைக் குறிக்க இன்னொரு மெத்தட்டைக் கூப்பிடுகிறது. ஓவர்ஃப்ளோ சரியாக இந்த இரண்டுக்கும் நடுவில் வந்தால், லாக் பூட்டியிருக்கும், ஓனர் யாரும் இல்லை. யாராலும் திறக்க முடியாது. மற்ற த்ரெட்கள் எல்லாம் வரிசையில் நிற்கும். இதை அடையாளம் காண்பது எளிது: இஸ்லாக்ட் மெத்தட் 'ட்ரூ' என்று சொல்லும், ஆனால் டூஸ்ட்ரிங்கில் 'அன்லாக்ட்' என்று வரும், ஏனென்றால் டூஸ்ட்ரிங் ஓனரைத்தான் பார்க்கிறது. இதற்காகத்தான் ஜேடிகே 9-இல் ஜெப் 270 (ஓப்பன்ஜேடிகேயின் மாற்ற முன்மொழிவு) வழியாக ரிசர்வ்ட் மண்டலம் வந்தது. ஜேயூசி (ஜாவா யூடில் கன்கரன்ட் பேக்கேஜ்) லாக்குகளின் ஆபத்தான மெத்தட்களில் ரிசர்வ்ட்ஸ்டாக்ஆக்சஸ் என்ற அனொடேஷன் இருக்கும். ஓவர்ஃப்ளோ நேரத்தில் ஸ்டாக்கில் அப்படிப்பட்ட மெத்தட் இருந்தால், வி.எம். ரிசர்வ்ட் பேஜைத் திறந்து அதை முடிக்க விட்டு, திரும்பும்போது எரரை எறியும். ஆபத்தான இடத்தில் ஓவர்ஃப்ளோ வந்தது என்று ஒரு வார்னிங்கும் அச்சிடும். உங்கள் டெஸ்ட் லாகில் அந்த வார்னிங் வந்தால் சந்தோஷப்படுங்கள், குறிவைத்த இடத்தில் அடித்திருக்கிறீர்கள். வரவே இல்லையென்றால், ஓனரைக் குறிக்கும் மெத்தட்டை கம்பைல்கமாண்ட் ஃபிளாக்கால் கம்பைலேஷனிலிருந்து விலக்குங்கள். இன்லைன் ஆகாமல் தனி ஃப்ரேமாக நின்று சன்னல் அகலமாகும். ஜேடிகே 8-இல் இந்த மண்டலமே கிடையாது, அங்கே உறைவது எதிர்பார்க்க வேண்டியதுதான். இந்த அனொடேஷனை உங்கள் கிளாஸில் ஒட்டி வைத்தாலும் இயல்பான அமைப்பில் வி.எம். அதைப் பொருட்படுத்தாது.

ஆனால் எல்லாவற்றையும் வி.எம். தலையில் கட்ட முடியாது. ஃபைனலியில் இருக்கும் அன்லாக் அழைப்பே நுழைய இடமில்லாமல் ஓவர்ஃப்ளோ ஆனால் லாக் பூட்டியபடியே இருக்கும். அதற்கு ஓனரும் இருப்பார். அது வி.எம். பிழை அல்ல. விர்ச்சுவல்மெஷின்எரர் வகையைச் சேர்ந்த எதுவும் எந்த நேரத்திலும் வரலாம் என்றுதான் ஸ்பெக் சொல்கிறது.

இரண்டாவது காரணம் கிளாஸ் இனிஷியலைசேஷன். ஒரு கிளாஸின் ஸ்டாடிக் பிளாக் முதல் முறை ஓடுவது ஸ்டாக்கின் விளிம்பிலாக இருந்து, அதில் ஓவர்ஃப்ளோ வந்தால், அந்த கிளாஸ் அந்த புராசஸின் ஆயுள் முழுக்கக் கெட்டுப்போனதாகக் குறிக்கப்படும். ஓவர்ஃப்ளோ ஆன த்ரெட்டுக்குச் சாதாரண ஸ்டாக்ஓவர்ஃப்ளோஎரர்தான் தெரியும். ஸ்டாடிக் பிளாக்கில் வந்தது எரர் வகை என்பதால் எக்செப்ஷன்இன்இனிஷியலைசர்எரர் என்ற உறைகூட இருக்காது. அடி வாங்குவது மற்ற த்ரெட்கள். அவற்றுக்கு ஆழமில்லாத இடத்தில்கூட நோகிளாஸ்டெஃப்ஃபவுண்ட்எரர் வரும். புதிய ஜேடிகேகளில் அதன் காரணமாக மூல எரரும் எந்த த்ரெட் என்பதும் சேர்ந்து வரும். பழையவற்றில் துப்பே கிடைக்காது. டெஸ்ட்டில் இது கலக்காமல் இருக்க, பயன்படுத்தும் எல்லா கிளாஸையும் தொடக்கத்திலேயே ஆழமில்லாத இடத்தில் ஒரு முறை தொட்டு வையுங்கள். ரிகர்ஷனுக்குள் லேம்ப்டா, ஸ்ட்ரிங் கூட்டல் இரண்டும் வேண்டாம். ஜேடிகே 9 முதல் முதல் ஸ்ட்ரிங் கூட்டலே ஏகப்பட்ட ஜேடிகே கிளாஸ்களை இழுத்துவரும்.

புராசஸ் சாவது வேறு கதை. பெரும்பாலும் நேட்டிவ் பக்கம். ஹாட்ஸ்பாட்டின் சிக்னல் ஹேண்ட்லர் இயல்பாக அதே த்ரெட்டின் ஸ்டாக்கிலேயே ஓடுகிறது. பேங்கிங் 80 கேபி முன்கூட்டியே தட்டிப் பார்ப்பதால் ஜாவா கோடில் இடம் இருக்கும். சி கோடு பேங்க் செய்வதில்லை. அது இறங்கிக்கொண்டே போய் ஸ்டாக் பாயின்டரே மண்டலத்துக்குள் நுழைந்துவிட்டால், சிக்னல் ஃப்ரேமை வைக்க கெர்னலுக்கு இடமில்லை. எச்எஸ்-எர் லாக்கூட இல்லாமல் புராசஸைக் கொன்றுவிடும். அதைவிட மோசம், 100 கேபிக்கு மேல் லோக்கல் அரே வைத்திருக்கும் சி ஃபங்ஷன் மண்டலங்களை ஒரே தாவலில் கடந்து கீழே இருக்கும் மெமரியில் எழுதலாம். அது இன்னொரு த்ரெட்டின் ஸ்டாக்காக இருந்தால் செத்துப்போவது அந்த அப்பாவி த்ரெட். ஜாவா த்ரெட்களுக்கு ஜிலிப்சி (லினக்ஸின் சி லைப்ரரி) வைக்கும் கார்டு பேஜும் (தொட்டால் சிக்னல் தரும் காவல் பேஜும்) பெரும்பாலும் கிடையாது. ஷேடோ 20 பேஜ் என்று ஆனதற்கே காரணம், சாக்கெட்டில் எழுதும் ஜேடிகேயின் சி கோடு 64 கேபி பஃபரை ஸ்டாக்கில் வைத்திருந்ததுதான். உங்கள் ஜேஎன்ஐ லைப்ரரி (ஜாவாவிலிருந்து கூப்பிடும் சி லைப்ரரி) அதற்கும் மேல் தின்றால் ஸ்டாக்ஷேடோபேஜஸ் ஃபிளாக்கை உயர்த்துங்கள், அல்லது ஸ்டாக்-கிளாஷ்-புரொடெக்‌ஷனோடு ஜிசிசியில் கம்பைல் செய்யுங்கள்.

எக்ஸிக்யூடபிள் ஸ்டாக் (கோடாக ஓட்டக்கூடிய ஸ்டாக் மெமரி) கேட்கும் ஒரு லைப்ரரியை ஓட்டத்தின் நடுவில் லோட் செய்வதும் நல்ல சோதனை. பழைய ஜிலிப்சி எல்லா த்ரெட்களின் ஸ்டாக்கையும் எம்ப்ரொடெக்ட் செய்து மாற்றும்; அதில் கார்டு பேஜ்கள் அழிந்துபோகும். ஹாட்ஸ்பாட் இதைக் கவனித்து வார்னிங் கொடுத்து, எல்லா ஜாவா த்ரெட்களுக்கும் மறுபடி கார்டு போடும். ஜிலிப்சி 2.41 முதல் அப்படிப்பட்ட லைப்ரரி இயல்பான அமைப்பில் லோட் ஆகாது. அதே போல, சி த்ரெட்களை ஜேவிஎம்மோடு அட்டாச் செய்து, ஓவர்ஃப்ளோ ஆக்கி, டிட்டாச் செய்து, முடித்துவிட்டுப் புதிய த்ரெட் தொடங்குவதை லூப்பில் போடுங்கள். ஜிலிப்சி முடிந்த த்ரெட்களின் ஸ்டாக்கைச் சேர்த்து வைத்து மறுபடி கொடுக்கும். டிட்டாச்சில் கார்டு அகற்றப்படாமல் இருந்தால் அடுத்து வரும் த்ரெட் சம்பந்தமே இல்லாத இடத்தில் விழும்.

ஓடும்போது கவனிக்க வேண்டியவை. புராக் ஃபைல்சிஸ்டத்தில் மேப்ஸ் ஃபைலை (புராசஸின் மெமரி வரைபடத்தை)ப் பார்த்தால் ஒவ்வொரு ஜாவா த்ரெட்டுக்கும் அனுமதியே இல்லாத 16 கேபி துண்டு தெரியும். ஓவர்ஃப்ளோவின் நடுவில் அது 4 கேபியாகச் சுருங்கும், ரெட் மட்டும் மிஞ்சும். எல்லா த்ரெட்டும் மேலே வந்து ஓய்ந்த பிறகும் 4 கேபியாகவே ஒன்று நின்றால், மறுபடி மூடாமல் விட்ட த்ரெட் அதுதான். சிஸ்டம் நேரம் ஏறுவதைக் கண்டு பயப்பட வேண்டாம்: ஒவ்வொரு ஓவர்ஃப்ளோவுக்கும் குறைந்தது இரண்டு எம்ப்ரொடெக்ட், அவை புராசஸ் முழுவதற்குமான மெமரி மேப் லாக்கை எடுப்பதால் த்ரெட்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டும். பல்லாயிரம் த்ரெட் என்றால் மேக்ஸ்-மேப்-கவுன்ட்டின் (ஒரு புராசஸுக்கு எத்தனை மெமரி துண்டு என்ற கெர்னல் வரம்பின்) இயல்பு எல்லையான 65,530 முட்டும். கார்டு பேஜ் போட முடியவில்லை என்ற வார்னிங் வரும். அதற்குப் பிறகு நடக்கும் எதையும் வி.எம். பிழையாகப் பதியாதீர்கள்.

ஜிசியையும் (பயன்படாத மெமரியை மீட்கும் கார்பேஜ் கலெக்டரையும்) சேர்த்து ஓட்டுங்கள்: சிறிய ஹீப், பக்கத்தில் ஓயாமல் அலொகேட் செய்யும் இரண்டு த்ரெட். பத்தாயிரக்கணக்கான ஃப்ரேம்கள் உள்ள ஸ்டாக்குகளை ஜிசி ரூட்டாக நடக்க வேண்டியிருப்பதால் ஜிசியின் இடைநிறுத்த நேரம் நீளும். ஜேடிகே 16 முதல் இசட்ஜிசி (ஜிசி வகைகளில் ஒன்று) ஸ்டாக்கை ஓடும்போதே சிறிது சிறிதாகப் பார்க்கிறது. அது எரரின் அன்வைண்டிங்கோடு (ஸ்டாக் பிரிந்து மேலே வருவதோடு) மோதும் இடம் தனியாகச் சோதிக்கத் தக்கது. விர்ச்சுவல் த்ரெட்டில் (வி.எம். தானே நிர்வகிக்கும் இலகு த்ரெட்டில்) ஆழத்தில் போய் ஸ்லீப் போடுங்கள். அவ்வளவு ஃப்ரேமையும் ஹீப்புக்கு நகலெடுக்க வேண்டிவரும்.

தீர்ப்பை எக்ஸிட் கோடில் தொடங்குங்கள். 134 என்றால் வி.எம். தானே அபார்ட் ஆகியிருக்கிறது, எச்எஸ்-எர் லாக் இருக்க வேண்டும். 139 என்றால் எச்எஸ்-எர் லாக் இல்லாமல் சிக்செக்வி, நேட்டிவ் பக்கம் தேடுங்கள். 137 பெரும்பாலும் கன்டெய்னரின் ஓஓஎம் கில்லர் (மெமரி வரம்பு தாண்டினால் புராசஸைக் கொல்லும் கெர்னல் பகுதி): ஒரு முறை தொட்ட ஸ்டாக் பேஜ்கள் த்ரெட் முடியும்வரை திரும்பப் போகாது, 64 த்ரெட் தலா 4 எம்பி என்றால் ஹீப்புக்கு வெளியே 256 எம்பி. 0 வந்தாலும் நம்பாதீர்கள். மெயின் அல்லாத த்ரெட் பிடிபடாத எரரில் செத்தாலும் எக்ஸிட் கோடு மாறாது. அதனால் ஒவ்வொரு த்ரெட்டின் எண்ணிக்கையும் சரியாக 10,000 ஆனதா என்று கடைசியில் ஒப்பிடுங்கள், டெஸ்ட்டின் எல்லா லாக்கையும் (பூட்டையும்) நேரவரம்போடு ஒரு முறை எடுத்துப் பாருங்கள். வரம்பு தாண்டினால் கொல்வதற்கு முன் ஜேஸ்டாக்கை (எல்லா த்ரெட்களின் நிலையையும் காட்டும் கருவியின் வெளியீட்டை) இரண்டு முறை, பத்து விநாடி இடைவெளியில் எடுத்து வையுங்கள்.